என்லார்ஜரைக் கைவிடாதீர்கள்: கறுப்பு வெள்ளை நெகட்டிவை டிஜிட்டல் கேமராவில் நகலெடுக்க

இருட்டறையைக் காலி செய்பவர்கள் முதலில் எடைக்குப் போடுவது, நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கி விழவைக்கும் என்லார்ஜரைத்தான். அவசரம் வேண்டாம். விளக்குத் தலையை மட்டும் கழற்றிவிட்டு, அதே தண்டில் கேமராவைக் கீழ்நோக்கிப் பொருத்தினால் ஆடாத ஸ்டாண்ட் தயார். நெகட்டிவைத் தட்டையாகப் பிடித்து வைக்கும் கேரியரும் அப்படியே உதவும். கண்ணாடி இல்லாத கேரியர் என்றால் இன்னும் நல்லது. கண்ணாடி ஃபிலிமைத் தொடும் இடத்தில் நியூட்டன் வளையங்கள் எனும் வட்ட வட்டக் கோடுகள் விழும்.

லென்ஸ், மிகக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் மேக்ரோவாக இருக்கட்டும். 35 மி.மீ. பிரேமுக்கு ஃபுல் ஃபிரேம் கேமராவில் 1:1 உருப்பெருக்கம் வேண்டும், அதாவது பிரேம் அதே அளவில் சென்சாரில் விழ வேண்டும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்குச் சுமார் 0.65 போதும். 24 மெகாபிக்சலில் பிரேமை நிரப்பி எடுத்தால் 12×18 அங்குலப் பிரிண்ட்டுக்குத் தாராளம்.

கீழே எல்இடி பேனல். ஃபிலிமை அதிலிருந்து 2, 3 செ.மீ. உயர்த்தி வையுங்கள், ஒட்டி வைத்தால் பேனல் மேலுள்ள தூசியும் பதிவாகும். பிரேமைச் சுற்றி வெளிச்சம் கசியாமல் கறுப்புத் தாளால் மறைத்து, அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். கசிவு வெளிச்சம் கான்ட்ராஸ்ட்டைத் தின்றுவிடும்.

மட்டம் பார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு மூலை கூர்மை, எதிர் மூலை மங்கல் என்றால் லென்ஸைத் திட்டாதீர்கள், கேமரா சாய்ந்திருக்கிறது. ஃபிலிம் இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து, லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் விழும்வரை சரிசெய்யுங்கள்.

ஃபிலிமின் மங்கலான பக்கம், அதாவது படம் பதிந்த எமல்ஷன் பூச்சு, லென்ஸைப் பார்க்கட்டும். என்லார்ஜரிலும் அதுதானே வழக்கம். படம் இடவலம் மாறி வரும், பிறகு திருப்பிக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ரா ஃபைல், 2 விநாடி டைமர். லைவ் வியூவைப் பெரிதாக்கி, ஃபிலிமின் துகள் (கிரெயின்) தெரியும்வரை கையால் ஃபோகஸ் செய்யுங்கள். ஃபிலிமின் வெற்று ஓரம் கேமராவின் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது முனையை நெருங்க வேண்டும், முட்டக் கூடாது. படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் எல்இடி துடிக்கிறது என்று அர்த்தம்: சைலன்ட் ஷட்டரை விட்டுவிட்டு 1/15 அல்லது அதைவிட மெதுவான வேகத்துக்கு வாருங்கள்.

தூசியை ஊதுகுழலால் முன்பே விரட்டுங்கள். ஸ்கேனர்களில் உள்ள அகச்சிவப்புத் தூசிநீக்கம் கூட வெள்ளித் துகள்களால் ஆன கறுப்பு வெள்ளை ஃபிலிமில் செல்லாது. வெள்ளியே அந்தக் கதிரை மறித்துவிடும்.

பாசிட்டிவாக்க, டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் 'நெகடாக்டர்' என்ற வசதி இருக்கிறது. முதலில் வரும் படம் சப்பென்றுதான் இருக்கும். நெகட்டிவ் கெட்டுவிடவில்லை. ஒளியை லென்ஸால் குவிக்கும் கண்டென்சர் என்லார்ஜரின் நேர்க்கதிரை வெள்ளித் துகள்கள் சிதறடிப்பதால் அங்கே கான்ட்ராஸ்ட் கூடிவந்தது. பேனலின் பரவல் ஒளியில் அந்தக் கூடுதல் கிடையாது. கான்ட்ராஸ்ட் கூடிய கிரேடு 3 பேப்பருக்கு மாறுவதுபோல, மென்பொருளின் டோன் கோட்டை (கர்வ்) லேசாக 'எஸ்' வடிவில் வளையுங்கள். கறுப்பு எங்கே நிற்க வேண்டும்? இருட்டறையில் துண்டுப் பேப்பரில் வெவ்வேறு நேரம் ஒளி காட்டிப் பார்த்த டெஸ்ட் ஸ்ட்ரிப் கணக்கேதான்: வெற்று ஓரம் முழுக் கறுப்பாகும் புள்ளி.

படத்தில் ஓரிடத்தை மட்டும் வெளுப்பாக்க (டாட்ஜ்) அல்லது கறுப்பாக்க (பர்ன்), ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் 50% சாம்பல் லேயரை 'சாஃப்ட் லைட்'டில் போட்டு, 5 முதல் 10% பிரஷ்ஷால் வெள்ளையோ கறுப்போ தடவுங்கள். என்லார்ஜர் ஒளியை மறைக்க அட்டையை ஆட்டியதுபோலவே இங்கும் ஓரம் மெத்தென்று இருக்க வேண்டும். கெட்டியான பிரஷ் என்றால் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிடும்.