பதினைந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்: ஹேண்ட்பால் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் ‘கைப்பந்து’ என்றால் வாலிபால் ஆகிவிடுகிறது, ‘எறிபந்து’ என்றால் த்ரோபால். அதனால் ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன். 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள களம், அணிக்கு ஏழு பேர், அரை மணி நேரம் வீதம் இரண்டு பாதி. எதிராளியை உடம்பால் மறிக்கலாம், துள்ளி எழுந்து கோலுக்குள் வீசலாம். அடிபடும் ஆட்டம் என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் பெரிய அடி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

முட்டி போவது மோதலில்தான் என்று நினைப்பது முதல் தவறு. இந்த ஆட்டத்தை உயிராக நினைக்கும் நாடு நார்வே. அங்குள்ள ஒஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள், வீராங்கனைகளுக்கு ஏசிஎல் என்ற முட்டியின் உள் தசைநார் கிழிந்த 20 சம்பவங்களின் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். நம்மூரில் ‘முட்டி ஜவ்வு கிழிஞ்சிடுச்சு’ என்பார்களே, அதேதான். அந்த இருபதில் 12, எதிராளியை ஏமாற்றக் காலை ஊன்றிச் சட்டென்று மறுபக்கம் திரும்பும்போது நடந்தவை. இன்னும் 4, ஜம்ப் ஷாட் எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போது. முட்டி ஏறக்குறைய நேராக விறைத்திருக்கிறது, பாதம் தரையில் பிடித்துக்கொள்கிறது, உடம்பு மட்டும் திரும்புகிறது. முட்டி உள்பக்கமாகச் சரிந்த அந்த நொடியில் கிழிகிறது.

பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் பெண்கள் அணிக்கும் பையன்களின் பயிற்சி அட்டவணையையே நகலெடுத்துக் கொடுக்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் முட்டி எப்படி என்று இன்றைக்கே பார்த்துவிடலாம். போனை இடுப்பு உயரத்தில் நேர் எதிரே வைத்து, ஒற்றைக் காலில் மெதுவாகப் பாதி உட்கார்ந்து எழுங்கள். முட்டி கால் விரல்களுக்கு நேராக இறங்குகிறதா, பெருவிரலைத் தாண்டி உள்ளே போகிறதா? உள்ளே போனால், களத்தில் வேகமாகத் திரும்பும்போதும் அப்படிப் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

அடுத்த தவறு, இரண்டு சுற்று ஓடிவிட்டுக் கையைக் காலை நீட்டி மடக்கி, வார்ம்-அப் முடிந்தது என்று பந்தை எடுப்பது. நார்வேயில் 120 கிளப்புகளைச் சேர்ந்த, 15 முதல் 17 வயது வரையிலான 1,837 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிக் கிளப்புகளுக்கு 15–20 நிமிட வார்ம்-அப் கொடுத்தார்கள். ஓட்டம், ஊன்றித் திரும்புதல், இரண்டு காலில் மெத்தென்று இறங்குதல், ஆடும் பலகைமேல் நின்று பந்தைப் பிடித்தல், தொடைக்கு வலுவூட்டும் பயிற்சிகள். முதல் 15 பயிற்சி நாட்களில் தொடர்ந்து, பிறகு வாரம் ஒரு முறை. முட்டி, கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அந்தப் பட்டியலில் புதுமை எதுவும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த பயிற்சிகள்தான், விடாமல் செய்தார்கள், அவ்வளவுதான்.

விடுவதுதான், என் கணக்கில், எல்லாத் தவறுகளுக்கும் தாய். அதற்கும் நார்வேயே சாட்சி. பெண்களின் முதல் மூன்று டிவிஷன்களில் 1998–99 சீசனில் 29 ஏசிஎல் காயங்கள். சமநிலைப் பயிற்சியைக் கொண்டுவந்ததும் அடுத்த சீசனில் 23, அதற்கடுத்ததில் 17. ஆய்வு முடிந்தது, ஆர்வமும் வடிந்தது, சில ஆண்டுகளில் எண்ணிக்கை பழையபடி ஏறிவிட்டது. மறுபடி பயிற்சியாளர்களைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த பிறகே இறங்கியது. யாருக்கும் அடிபடாத சீசனில்தான் ‘இதெல்லாம் எதற்கு, ஷூட்டிங் பண்ணலாம்’ என்று தோன்றும். அதனால் இதைத் தனி வகுப்பாக வைக்காமல் பந்தோடு சேர்த்துவிடுங்கள். ஒற்றைக் காலில் நின்றபடி பாஸ் போடட்டும், இறங்கி இரண்டு நொடி அசையாமல் நின்ற பிறகு ஓடட்டும். முட்டியை மடக்கித் தாழ இறங்கிப் பழகியவருக்கு அடுத்த காலடியும் சீக்கிரம் வரும், ஆட்டமும் கூடவே தேறும்.

ஜிம்மில் ஒரு தவறு உண்டு. தொடையின் முன்பக்கத்தையே ஏற்றிக்கொண்டிருப்பது. கண்ணாடியில் தெரிவது அதுதானே! ஆனால் கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் பின்னுக்கு இழுத்து ஏசிஎல்லின் சுமையைக் குறைப்பது தொடையின் பின்பக்கத் தசை. மண்டியிட்டு நின்று, தோழர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாயுங்கள். கருவி எதுவும் வேண்டாம். மறுநாள் நடக்கும்போது எந்தத் தசை வேலை செய்தது என்று அதுவே சொல்லும்.

தோள்பட்டை வேறு கதை. முட்டி ஒரு நொடியில் போகும், தோள் மாதக்கணக்கில் தேயும். எறிய ஆசைப்படுகிற அளவுக்கு, எறிந்த கையை நிறுத்தும் தசைகளை யாரும் கவனிப்பதில்லை. தோளை வெளிப்பக்கம் சுழற்றும் பின்தசைகளுக்கு ரப்பர் பட்டையால் பயிற்சி, தோள்பட்டை எலும்பைக் கட்டுப்படுத்தப் பழகுதல், இவற்றை வாரம் மூன்று முறை பத்துப் பத்து நிமிடம் வார்ம்-அப்பில் சேர்த்த நார்வே முன்னணி அணிகளில் தோள் தொல்லைக்கான வாய்ப்பு 28 சதவீதம் குறைந்தது. லேசாக வலித்தால் தைலம் தடவிக்கொண்டு எறிவது இந்த ஆட்டத்தில் சாதாரணம், அதுவும் தவறுதான். தேர்வு விடுமுறை முடிந்து வந்த வாரத்திலேயே பழைய கணக்குக்கு எறிய வைப்பதும் அப்படியே. எறியும் எண்ணிக்கையைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

கடைசியாக, ஏசிஎல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆறாவது மாதத்தில் வலி இருக்காது, ஓட முடியும், அணியும் கூப்பிடும். அப்போது போகாதீர்கள். ஒன்பது மாதம் வரை, தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் ஆபத்தை ஏறக்குறைய பாதியாக்குகிறது என்று ஒஸ்லோவிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் சேர்ந்து செய்த ஆய்வில் தெரிந்தது. ஒன்பது மாதம் ஆகிவிட்டது என்பது மட்டும் போதாது. தொடையின் முன்தசை வலுவையும், ஒற்றைக் காலில் தாவும் தூரத்தையும் பிசியோவிடம் அளந்து பாருங்கள். அடிபட்ட கால் நல்ல காலின் 90 சதவீதத்தையாவது எட்டாவிட்டால் இன்னும் சில வாரம் பெஞ்சில்தான்.