மூடப்படும் படத்தளத்தைக் காப்பாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படப்பகிர்வுத் தளமொன்று மூடப்படப் போகிறது என்ற அறிவித்தல் வந்ததும், கொழும்பில் நம் தன்னார்வலர்கள் பலர் செய்யும் முதல் வேலை, கிடைத்த படங்களையெல்லாம் வன்தட்டில் இறக்கிக் குவிப்பதாகும். அக்கறையோடுதான் செய்கிறார்கள்; ஆயினும் மிகப் பெரிய இழப்பு அங்கேயே தொடங்குகிறது. யார், எந்த நாளில், என்ன விளக்கத்துடன் ஏற்றினார், அதன் கீழ் யார் என்ன எழுதினார் என்பவை படத்தோடு சேமிக்கப்படாவிட்டால், செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்ட ஆடிவேல் ஊர்வலத்தின் பழைய படமொன்று, ஆண்டும் தெருவும் தெரியாத வெறும் சனக்கூட்டமாகிவிடும். ஆகையால் படத்தை மட்டுமன்றி, அது இருந்த பக்கத்தையும், அதன் இணைய முகவரியையும், வழங்கி (தளம் இயங்கும் கணினி) அனுப்பிய தகவல்களையும் சேர்த்து, இணையப் பக்கங்களைக் காப்பதற்கான வார்க் (WARC) என்ற கோப்பு வடிவில் சேமிக்க வேண்டும். 2009இல் ஐஎஸ்ஓ 28500 என்ற சர்வதேச நியமமாக வெளியான இவ்வடிவத்தில், டபிள்யூகெட் (Wget) என்ற இலவச மென்பொருளைக் கொண்டே சேமிக்கலாம். திரைப்பிடிப்பு எடுப்பதும், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பிச் சேர்ப்பதும் இதற்கு ஈடாகா. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதோடு, கமரா பதிந்த தகவல்களையும் நீக்கிவிடுகிறது.

இலங்கைத் தமிழ்ப் பக்கங்களுக்கென்றே உள்ள தவறொன்றும் உண்டு. யுனிகோட் பரவுமுன் பாமினி எழுத்துருவில் எழுதப்பட்ட விளக்கங்கள், இன்றைய உலாவியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிவதால், குப்பையென்று நீக்கப்படுகின்றன. அவற்றை உள்ளபடியே வைத்து, யுனிகோடுக்கு மாற்றிய பிரதியைத் தனியாகச் சேர்த்தால் போதும். பெயர்களும் ஊர்களும் பிழைத்துக்கொள்ளும்.

இறக்கிய கோப்புகளின் எண்ணிக்கையை நம்புவது அடுத்த தவறு. நீக்கப்பட்ட படத்தைக் கேட்டால், சில தளங்கள் பிழைச் செய்திக்குப் பதிலாக, “இப்படம் இல்லை” என்று சொல்லும் மாற்றுப் படமொன்றை அனுப்பிவிடும். வேகமாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் வழங்கி தடைசெய்து, பிழைப் பக்கத்தை அனுப்பும். அதுவும் படக்கோப்பின் பெயரிலேயே பதிவாகிவிடக்கூடும். எல்லாக் கோப்புகளுக்கும், உள்ளடக்கம் ஒன்றாயின் ஒன்றாகவே வரும் எஸ்எச்ஏ-256 (SHA-256) சரிபார்ப்புக் குறியீட்டைக் கணித்து, ஒரே குறியீடு நூற்றுக்கணக்கில் திரும்ப வருகிறதா என்று தளம் திறந்திருக்கும்போதே பார்த்துவிட வேண்டும், ஏனெனில் மூடிய பின்னர் திரும்பக் கேட்க வழியில்லை.

அறிவிக்கப்பட்ட இறுதி நாளையும் உறுதியாகக் கொள்ளலாகாது. 2014 செப்டெம்பரில் மூடப்படுமென அறிவித்த ட்விட்பிக் என்ற படப்பகிர்வுத் தளம், நாளை மாற்றி, ஒக்டோபரில் தன் படங்களை ட்விட்டரிடம் ஒப்படைத்தது. அது நல்வாய்ப்பு, எல்லாத் தளங்களுக்கும் அது வாய்க்காது. ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரே பகுதியை இறக்காமல், மூடப்படும் தளங்களைக் காக்க 2009 முதல் இயங்கும் ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு செய்வதுபோல, வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சேர்த்ததை வெள்ளவத்தை வீடொன்றின் ஒற்றை வன்தட்டில் வைத்துவிடாமல், வேறு ஊரில் இன்னொரு பிரதியும் வைக்க வேண்டும்.

காப்பதும் வெளியிடுவதும் ஒன்றென எண்ணுவதே எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, தளம் மூடப்பட்டாலும் படைப்பாளியின் பதிப்புரிமை அழிவதில்லை. போர்க்காலப் படங்களில் முகம் தெரிவோர் இன்றும் அதே ஊரில் வாழக்கூடும்; படத்துக்குள் பதிந்திருக்கும் இட அமைவு (எடுக்கப்பட்ட இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு), ஒரு வீட்டு வாசலையே காட்டிக்கொடுக்கலாம். பூட்டி வைக்கப்பட்ட தொகுப்புகளை உரியவரின் சம்மதமின்றி எடுக்கவே கூடாது. பொதுவில் வைக்கும் பிரதியிலிருந்து இட அமைவை நீக்கி, மூலக்கோப்பை மாற்றாமல் தனியே பாதுகாத்து, படத்தில் உள்ளவர் கேட்டால் உடனே அகற்றுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக நியமித்த பின்னரே, தொகுப்பைத் திறந்துவிட வேண்டும்.