அவநம்பிக்கையை எங்கே, எப்படிப் போடுவது

என் அண்ணன் மகள் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். முனிர்காவில் வாடகைக்கு அறை தேடிக்கொண்டிருந்த சமயம், கும்பகோணத்தில் இருக்கும் பாட்டியிடம் போனில், "அந்த புரோக்கர் மேல எனக்கு விசுவாசமே இல்லை பாட்டி" என்றாள். "அவனுக்கு நீ எதுக்குடி விசுவாசமா இருக்கணும்? அட்வான்ஸ் குடுத்துட்டியா?" என்று பாட்டி பதறிவிட்டார்.

இந்தியில் விஷ்வாஸ் என்றால் நம்பிக்கை. தமிழுக்கு வந்த விசுவாசமோ நாய் வளர்த்தவரிடமும் தொண்டன் தலைவரிடமும் காட்டுவது. (கிறிஸ்தவத் தமிழ் மட்டும் விலக்கு, அங்கே அது இறைநம்பிக்கை, எதிர்ப்பதம் அவிசுவாசம்.) ஆகவே டெல்லிப் பிள்ளைகள் முதலில் இந்த ஒரு சொல்லை ஓரமாக வைத்துவிடுங்கள்.

சரி, வேறு என்ன சொல்வது? பேச்சில் "அவர் மேல நம்பிக்கை இல்லை" என்பதே போதும். அவநம்பிக்கை எழுத்துக்கான சொல், வீட்டுச் சண்டையில் யாரும் அதை எடுத்துக்கொண்டு வருவதில்லை. முன்னால் நிற்கும் 'அவ' நல்லதைக் கெடுக்கிற ஒட்டு: மானம் அவமானமாகும், பெயர் அவப்பெயராகும். அதனால்தான் நம்பிக்கையின்மையும் அவநம்பிக்கையும் எனக்கு ஒன்றாகப் படுவதில்லை. தெருவுக்குப் புதிதாக வந்த காய்கறி வண்டிக்காரரிடம் எனக்கு இருப்பது நம்பிக்கையின்மை, அதாவது இன்னும் நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். அவரே இரண்டு தடவை கால் கிலோ குறைத்துப் போட்டு, மூன்றாம் தடவை நான் தக்காளியை விட்டுவிட்டுத் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றால் அது அவநம்பிக்கை. பலரும் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள், தப்பென்று சண்டைக்குப் போக மாட்டேன்.

சந்தேகம் இவற்றைவிடச் சின்னது. கணக்கு வாத்தியாரிடம் கேட்பதும் சந்தேகம்தான், அதில் அவர் மேல் குறை ஒன்றும் கிடையாது. ஆனால் "அவன் சந்தேகப்படுறான்" என்று ஒரு கணவனைப் பற்றிச் சொன்னால் கதையே வேறு.

நம்பு என்று வினை உண்டே, அவநம்பு என்று சொல்லலாமா என்று அண்ணன் மகள் கேட்டாள். கூடாது. அவநம்பிக்கை கொள்கிறேன், அவநம்பிக்கை ஏற்பட்டது என்று துணைக்கு ஒரு வினையைச் சேர்க்க வேண்டும், யார் 'மீது' அல்லது 'மேல்' என்பதும் வர வேண்டும். இன்னொன்று, தமிழில் நம்பிக்கை என்பது நாளை நல்லது நடக்கும் என்ற எண்ணத்தையும் குறிப்பதால், "ரிசல்ட் பற்றி அவநம்பிக்கையோடு பேசாதே" என்றால் அங்கே யாரையும் சந்தேகிக்கவில்லை, மனம் தளர்ந்திருக்கிறது என்றுதான் பொருள்.

டெல்லியில் இருந்துகொண்டு நாடாளுமன்றத்தை விட முடியுமா? இந்திச் செய்தியில் அவிஷ்வாஸ் பிரஸ்தாவ் என்று வருவதைத் தமிழில் அவநம்பிக்கைத் தீர்மானம் என்று எழுதாமல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று எழுதுவதே வழக்கம். மக்களவையில் அதை எடுத்துக்கொள்ள 50 உறுப்பினர்கள் ஆதரவு வேண்டும். முதன்முதலாக 1963-ல் நேரு அரசின் மீது ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்தார். 1999-ல் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில், 269-க்கு 270 என்று கவிழ்ந்ததையும் சிலர் இதே பெயரில் எழுதிவிடுகிறார்கள், அது அரசே கொண்டுவந்த நம்பிக்கை கோரும் தீர்மானம். எழுதும்போது 'இல்லா'வுக்குப் பின்னால் 'த்' போடுங்கள். 'இல்லாத' என்று முழுசாக எழுதினால் ஒற்று வேண்டாம்.

அப்புறம், சேர்த்து எழுதுங்கள். இவ்வளவும் கேட்டுக்கொண்ட பிறகு அவள் வாட்ஸப்பில், "அத்தை, ஹவுஸ் ஓனர் ஆன்ட்டியைப் பாத்தேன், அவ நம்பிக்கை வந்துடுச்சு" என்று இடைவெளி விட்டு அனுப்பியிருந்தாள். அந்த அம்மாவுக்கு இவள் மேல் நம்பிக்கை வந்துவிட்டதாக நினைத்து, பெரியவரை 'அவ' என்கிறாளே என்ற கோபத்தோடு, பால் காய்ச்ச நல்ல நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.