ஒளித்துவைத்த வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எப்படி?

உயர்நிலைப்பள்ளி வரலாற்றில் ஹிட்லர் வந்துவிடுகிறார். நாஜிகளிடமிருந்து யூதக் குடும்பங்களை வீட்டில் ஒளித்துவைத்தவர்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் "துணிச்சலா காப்பாத்தினாங்க" என்பதோடு பதில் முடிந்துவிடும். சோறு எங்கிருந்து வந்தது, கழிவறைக்கு எப்போது போனார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நூலகத்திலோ சமூக மன்றத்திலோ ஒரு மணி நேரம் கிடைத்தால் காட்டிவிடலாம்.

அளவுநாடா, மாஸ்கிங் டேப் ஒரு சுருள், ஒன்பது தட்டு, ஒரு தலையணை போதும்.

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் கடிகாரக் கடை வைத்திருந்த டென் பூம் குடும்பத்திலிருந்து தொடங்குங்கள். சுவரிலிருந்து 75 செ.மீ. தள்ளித் தரையில் நீளமாக டேப் ஒட்டுங்கள். அவர்கள் வீட்டு மறைவிடத்தின் ஆழம் ஏறக்குறைய அவ்வளவுதான். மேல்மாடிப் படுக்கையறையில் கட்டினார்கள். சோதனைக்காரர்கள் படியேறி வருவதற்குள் சற்று நேரம் கிடைக்கும். பொய்ச்சுவர் செங்கல்லால் ஆனது, ஏனென்றால் பலகையைத் தட்டினால் உள்ளே காலி என்று காட்டிக்கொடுத்துவிடும். நுழைவாயில், துணி அலமாரியின் அடித்தட்டுக்குப் பின்னால். தவழ்ந்துதான் போக முடியும்.

அடுத்து தட்டுகள். மூவர் வசித்த வீடு, ஒளிந்திருந்தவர்கள் ஆறு பேர். மேசையில் ஒன்பது தட்டு இருந்தால் மாட்டிக்கொள்வார்கள். எச்சரிக்கை மணி அடித்ததும் ஆறு தட்டும் மறைய வேண்டும், மெத்தையையும் புரட்டிப்போட வேண்டும். ஏன் என்று கேளுங்கள். தலையணையில் ஒரு நிமிடம் கைவைத்துவிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். சூடு! 1944 பிப்ரவரி 28 அன்று சோதனை வந்தபோது அந்த ஆறு பேரும் அகப்படவில்லை. ஆனால், வீட்டார் கைதானார்கள். தந்தை காஸ்பர் பத்தே நாளில் இறந்தார், மகள் பெட்சி அதே ஆண்டு டிசம்பரில் ராவென்ஸ்ப்ரூக் முகாமில்.

இங்கேதான் பலரும் சறுக்குவது. டேப்புக்குள் பிள்ளைகளை நிறுத்தி "நீ யூதன், நீ நாஜி" என்று நடிக்கவிடாதீர்கள். இரண்டு நிமிடத்தில் சிரிப்பு வந்துவிடும், அல்லது அந்த அச்சம் தனக்கும் புரிந்துவிட்டதாக ஒரு பிள்ளை நினைத்துக்கொள்ளும். இரண்டும் தவறு. அளவைக் காட்டுங்கள், ஆளை நிறுத்தாதீர்கள்.

பிறகு ஆம்ஸ்டர்டாம், பிரின்சன்ஹ்ராக்ட் தெருவில் 263ஆம் எண் கட்டடம். நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் பிராங்க் உள்ளிட்ட ஏழு பேர் 1942 ஜூலை முதலும் எட்டாவது ஆள் அதே ஆண்டு நவம்பர் முதலும் 1944 ஆகஸ்ட் 4 வரை அங்கே ஒளிந்திருந்தார்கள். பலகையில் ஒரு கடிகாரம் வரைந்து காலை 8.30 முதல் மாலை 5.30 வரை நிழலிடுங்கள். கீழே கிடங்கு ஆட்களுக்கு விஷயம் தெரியாது. அந்த நேரத்தில் காலணி கூடாது, கழிவறைத் தண்ணீர் இழுக்கக் கூடாது. நடுவில் மதியச் சாப்பாட்டு இடைவெளிக்கு மட்டும் ஒரு துண்டு அழியுங்கள்.

உணவு எல்லாம் கூப்பனுக்குத்தான். ஒளிந்திருப்பவர் பங்கீட்டு அலுவலகத்தில் போய் நிற்க முடியாது. கூப்பன்கள் கள்ளத்தனமாக வந்தன, அவர்களுக்கு உதவிய மீப் கீஸ் என்ற பெண் கடைக்குப் போனார். அவர்களுக்குக் காய்கறி தந்த ஹென்ட்ரிக் வான் ஹூவே தன் வீட்டில் இரண்டு யூதர்களை வைத்திருந்ததற்காக 1944 மே மாதம் கைதானார். உடனே இந்த எட்டுப் பேரின் தட்டிலும் காய் குறைந்தது. சிங்கப்பூரில் ஜப்பானியர் ஆட்சியின்போது மரவள்ளிக்கிழங்கு தின்று காலம் தள்ளிய கதையைத் தாத்தா பாட்டி வழியாகக் கேட்ட பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

கணக்கையும் மறைக்க வேண்டாம். இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவு நிறுவனமான யாட் வாஷெம் அங்கீகரித்த காப்பாளர்கள் ஏறக்குறைய 28,000 பேர். கொல்லப்பட்ட யூதர்கள் அறுபது லட்சம். இரண்டு எண்ணையும் ஒரே தாளில் எழுதுங்கள். போலந்தின் மார்கோவா கிராமத்து உல்மா தம்பதியையும் சொல்லலாம்: ஒளித்துவைத்த எட்டு யூதர்களோடு தம் பிள்ளைகளும் சேர்த்து 1944 மார்ச் 24 அன்று கொல்லப்பட்டார்கள். உயர்நிலை வகுப்புக்கு மட்டும், தொடக்கப்பள்ளிக்கு வேண்டாம்.

"சிங்கப்பூர் யூதர்கள் எங்கே ஒளிஞ்சாங்க?" என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். இங்கே நடந்தது வேறு: 1943இல் யூதர்கள் பலரை ஜப்பானியர் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878இல் கட்டிய மகாயின் அபோத் ஜெப ஆலயம் இன்னும் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

டேப்பை அன்றைக்கே உரித்துவிடுங்கள். ஓரிரண்டு நாள் விட்டால் பசை தரையில் தங்கிவிடும், அடுத்த முறை அறை கிடைக்காது.