மேடிசனுக்குக் குடிவருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரம் மேடிசன். மெண்டோட்டா, மொனோனா என்று இரண்டு பெரிய ஏரிகள். நடுவே இடுப்பு மாதிரி ஒடுங்கிய ஒரு நிலத்துண்டு, அதன் மேட்டில் 1917-இல் கட்டி முடித்த சட்டமன்றக் கட்டடம். அந்த நிலத்துண்டை இங்கே எல்லோரும் இஸ்த்மஸ் என்பார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்கள் இப்பகுதிக்கு வைத்த பெயர் தேஜோப், அதாவது நான்கு ஏரிகள். அதுதான் ஊருக்குப் பொருத்தமான பெயர் என்பேன். பல்கலைக்கழகத்துக்கும், பக்கத்து ஊரான வெரோனாவில் இருக்கும் எபிக் என்ற மருத்துவ மென்பொருள் நிறுவனத்துக்கும் வருகிற நம் ஆட்கள் முதல் வருடம் படுகிற பாட்டில் பாதி, ஏரியையும் பருவத்தையும் கணக்கில் எடுக்காததால் வருவது.

வீடு பார்க்கும்போதே அது தொடங்கிவிடும். வரைபடத்தில் இரண்டு இடங்கள் பக்கம் பக்கமாகத் தெரியும், ஆனால் நடுவில் மெண்டோட்டா கிடக்கும். கார் ஏரியைச் சுற்றித்தான் போக வேண்டும். ஊரின் கிழக்குப் பக்கத்தில் வாடகை குறைவு என்று வீடு பிடித்துவிட்டு, தென்மேற்கில் இருக்கும் வெரோனாவுக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று இஸ்த்மஸின் நெரிசல், இல்லாவிட்டால் மொனோனாவுக்குத் தெற்கே சுற்றிவரும் பெல்ட்லைன் சாலையின் நெரிசல். வேலை எந்தப் பக்கமோ, வீடும் அந்தப் பக்கமே இருக்கட்டும்.

அடுத்தது லீஸ், அதாவது மாத வாடகை ஒப்பந்தம். பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் பெரும்பாலான லீஸ் ஆகஸ்ட் 14-இல் முடியும், புதியது 15-இல்தான் தொடங்கும். நடுவில் ஒரு ராத்திரி தங்க இடம் இருக்காது. இது தெரியாமல் நானும் என் மனைவியும் முதல் வருடம் அரிசி மூட்டை, இட்லிப் பானை, இரண்டு மெத்தைகளோடு நடைபாதையில் நின்றோம். ஒரு நண்பர் தன் வீட்டு ஹாலைத் திறந்துவிட்டார். அந்த ஒரு இரவுக்கு ஜூலையிலேயே யாரிடமாவது சொல்லி வைத்துவிடுங்கள். அன்றைக்குத் தெருவெங்கும் சோபாவும் மேசையும் இலவசமாகக் கிடக்கும். மேசையை எடுங்கள், மரநாற்காலியை எடுங்கள். துணி போர்த்திய எதையும் தொடாதீர்கள், மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் வந்துவிட்டால் மாதக்கணக்கில் போகாது.

சாவி கைக்கு வந்ததும் செய்யாமல் விடுகிற இன்னொரு வேலை உண்டு. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கீறல், கறை, உடைசல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க விஸ்கான்சின் சட்டம் 7 நாள் தருகிறது. போட்டோ எடுத்து, எழுதி, ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்தபிறகு வீட்டுக்காரர் 21 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும், பிடித்தம் இருந்தால் கணக்கு எழுதித் தர வேண்டும். அப்போது உங்கள் கையில் இருக்கும் அந்தத் தாள்தான் பேசும்.

அப்புறம் பனிக்காலம். கோட்டு வாங்குவது பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள், காரை நிறுத்துவது பற்றித்தான் சொல்லியிருக்க மாட்டார்கள். நகராட்சி ஸ்னோ எமர்ஜென்சி (பனி அவசரநிலை) அறிவித்த இரவுகளில், அதிகாலை 1 மணி முதல் 7 மணி வரை, இரட்டைப்படைத் தேதியில் இரட்டைப்படை வீட்டு எண்கள் உள்ள பக்கமும், ஒற்றைப்படைத் தேதியில் மறுபக்கமும் நிறுத்த வேண்டும். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் தேதி. 8-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு வந்து காரை நிறுத்துகிறீர்கள். விதி நடைமுறைக்கு வரும்போது 9 ஆகியிருக்கும். ஆகவே ஒற்றைப்படைப் பக்கம்.

சொந்த வீடு வாங்கியவர்கள் நடைபாதைப் பனியை, பனிப்பொழிவு நின்ற மறுநாள் நண்பகலுக்குள் அகற்றியாக வேண்டும். அபராதம் கிடக்கட்டும், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் உங்கள் வீட்டு முன்னால் வந்து திரும்பிப் போக நேரக்கூடாது. சிலர் அள்ளாமலே உப்பை வாரி இறைக்கிறார்கள். அது சரியில்லை. ஒரு காபி மக் அளவு உப்பு நடைபாதையின் 10 கட்டங்களுக்குப் போதும். மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண உப்பு அநேகமாக வேலையே செய்யாது, மணல்தான் தூவ வேண்டும். போட்ட உப்பு கரைந்து ஏரிக்குத்தான் போகிறது, போனது திரும்புவதில்லை. ஒரு தேக்கரண்டி உப்பு ஐந்து கேலன் நன்னீரைக் கெடுத்துவிடும்.

உறைந்த ஏரி இருக்கிறதே, அதைப் பார்த்தால் மனசு கட்டுக்கடங்காது. ஜனவரியில் நடுஏரியில் கூடாரம் போட்டு மீன் பிடிப்பார்கள், ஐஸ் மேல் வண்டியே ஓடும். அதைப் பார்த்துவிட்டு எங்கேயும் இறங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். யஹாரா ஆறு வந்து சேரும் இடத்திலும், ஊற்றுகள் இருக்கும் கரையோரத்திலும் ஐஸ் மெல்லிசாக இருக்கும், மேலே மூடிய பனியால் அது கண்ணுக்கும் தெரியாது. நடக்கவே 4 அங்குலம் கெட்டியான, தெளிவான ஐஸ் வேண்டும், அப்போதும் முழு உத்தரவாதம் கிடையாது. வருடக்கணக்காகப் போய்வரும் ஒருவரோடு மட்டும் இறங்குங்கள். மார்ச்சில் இறங்கவே வேண்டாம்.

சைரன் ஒலிப்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் கேட்டால் அது சோதனை. வேறு நேரத்தில் கேட்டால் சூறாவளி (டொர்னாடோ) எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டு, குழந்தைகளோடு பேஸ்மென்டுக்கு இறங்கிவிடுங்கள். பால்கனியில் நின்று வீடியோ எடுக்காதீர்கள்.

கோடையில் இதே ஏரி பச்சைப் பாசி பூத்து நாறும் நாள்கள் உண்டு. பெயின்ட் கொட்டியதுபோல் தண்ணீர் தெரிந்தால் குழந்தையையும் நாயையும் இறக்காதீர்கள், அந்தப் பாசியில் விஷம் இருக்கலாம். கடற்கரை மாதிரியே இருக்கிறதே என்று பலர் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதே இல்லை. பாசிக்குத் தீனி பாஸ்பரஸ். வயல்களின் உரத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் வருவதுதான் பெரும்பங்கு, ஆனால் தெருவோரத்தில் நனைந்து ஊறும் இலைகளிலிருந்தும் வருகிறது. என் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அக்டோபரில் மழை வருமென்று சொன்னால் முதல் நாளே சாக்கடை வாய்க்கு முன்னால் கிடக்கும் இலைகளை வாரிப் புல்லில் போட்டுவிடுவார். இப்போது எங்கள் வீட்டுப் பக்கத்தை என் மகள் வாருகிறாள்.