சைலன்சரில் கூமுட்டை நாற்றமா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

சிக்னலில் நிற்கும்போதெல்லாம் என் பெட்ரோல் காருக்குள் கூமுட்டை நாற்றம் வந்தது. ஒர்க்‌ஷாப்பில், "கன்வெர்ட்டர் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம் அது. கோளாறு இருந்ததோ பேட்டரிப் பக்கம். நான் பார்த்த வரிசை இது.

மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

படி 1: என்ன வாடை?

தித்திப்பான வாடையோடு, இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், கூலண்ட் உள்ளே எரிகிறது. இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், வண்டியை எடுக்காதீர்கள். எண்ணெய் கருகும் வாடை என்றால் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் ஒழுகி, புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டில் சொட்டுகிறதா பாருங்கள். பச்சைப் பெட்ரோல் வாடைக்கு ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டரைப் பாருங்கள். கூமுட்டை என்றால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, தொடர்ந்து படியுங்கள்.

படி 2: எங்கிருந்து?

சைலன்சர் பக்கம் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள், அப்புறம் பானட்டைத் திறந்து பாருங்கள். ஏசிக்கு வெளிக்காற்று வரும் வழி பெரும்பாலான கார்களில் பானட்டுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அதனால் பேட்டரி நாற்றமும் சைலன்சர் நாற்றம் போலவே உள்ளே வரும்.

படி 3: மல்டிமீட்டர்

இந்தப் படியை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். சிகரெட் லைட்டரில் செருகும் வோல்ட் மீட்டர் எனக்குப் பிடிக்காது. வயரிங்கில் கொஞ்சம் வோல்ட் குறைந்துதான் காட்டும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பேட்டரி முனைகளிலேயே தொட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சரி. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதித்து 2000 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொல்லுங்கள். என் காரில் ஐடிலில் 14.3 காட்டிய மீட்டர், அங்கே 15.6-க்கு ஏறி இறங்காமல் நின்றது. சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகி, உள்ளே அமிலம் கொதித்துக்கொண்டிருந்தது. பேட்டரியின் பக்கம் லேசாக உப்பியிருந்தது. இந்த நிலையில் பக்கத்தில் தீப்பொறியே வரக் கூடாது, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனும் வெளியே வரும்.

பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் ரெகுலேட்டரை மட்டும் மாற்றலாம். நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கேளுங்கள். உப்பிய பேட்டரியை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 4: பேட்டரி சரியாக இருந்தால்

காரின் கம்ப்யூட்டர் பதிவுசெய்த கோளாறுக் கோடுகளைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் போதும். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 கோடு வந்தவுடன் கன்வெர்ட்டருக்குப் பணம் கட்டாதீர்கள். ஆக்சிஜன் சென்சார் கோளாறாலும் சைலன்சர் குழாய் கசிவாலும் அதே கோடு வரும். ஸ்கேனரில் லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) மைனஸ் 10-க்கும் கீழே போனால் பெட்ரோல் அதிகமாகப் பாய்கிறது. அதைச் சரிசெய்யாமல் போட்டால் புதுக் கன்வெர்ட்டரும் கெடும்.

பெட்ரோலில் கந்தகம் என்று பங்க்கைக் குறைசொல்வதும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் வரும் பிஎஸ்-6 பெட்ரோலில் கந்தகத்தின் உச்சவரம்பு 10 பிபிஎம். பிஎஸ்-4-இல் அது 50. அதனால் அந்தச் சந்தேகத்தைக் கடைசியில் வையுங்கள்.

பின்சேர்க்கை, டீசல்காரர்களுக்கு: ஐடில் ஆர்பிஎம் ஏறி, ஃபேன் வேகமாகச் சுற்றி, சூடான கருகல் வாடை வந்தால் பெரும்பாலும் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. பாதியில் வண்டியை அணைக்காமல், முடியும்வரை ஓட்டுங்கள்.