பல வருடம் கழித்து மறுபடி சேணத்தில்: உடம்பையும் துணிச்சலையும் மீட்கும் வழி

இருபது வயதில் குதிரையேற்றம் கற்று, வேலை, கல்யாணம், குழந்தை என்று விட்டுப்போய், நாற்பதைத் தாண்டி மறுபடி லாயத்து வாசலில் வந்து நிற்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. எல்லாம் ஞாபகம் இருக்கும், உடம்புதான் ஒத்துழைக்காது. மனம் கேன்டருக்குத் (தாவல் ஓட்டத்துக்கு) தயார், இடுப்பு வாக்கிலேயே (மெதுநடையிலேயே) மரக்கட்டை. அந்த இடைவெளியில்தான் பயம் வந்து உட்கார்கிறது. ஆகவே பயம் போகட்டும், அப்புறம் ஏறலாம் என்று காத்திருக்க வேண்டாம். இடுப்பு, கணுக்கால், மூச்சு, கை ஆகிய நான்கையும் சரிசெய்யுங்கள். கூடவே குதிரையை நிறுத்தவும் அதிலிருந்து இறங்கவும் தெரிந்துகொள்ளுங்கள். பயத்துக்கு இருக்க இடம் குறைந்துவிடும்.

ஏறுவதற்கு ஆறு வாரம் முன்பே

தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். குதிகால் தரையில் படியாமல் தூக்கிக்கொண்டால் கெண்டைக்கால் இறுகியிருக்கிறது. சேணத்திலும் அதே குதிகால் மேலே ஏறும், அங்கவடி (பாதம் வைக்கும் இரும்பு வளையம்) நழுவும். அடுத்து சம்மணம் போடுங்கள். முழங்கால் தரையிலிருந்து எட்டத்தில் நின்றால் உள்தொடை இறுக்கம். பிறகு ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள், இரண்டு காலிலும். எந்தக் காலில் ஆடுகிறீர்களோ, குதிரை மேலும் அந்தப் பக்கம் உங்களுக்குப் பலவீனமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடலாம்.

நாற்காலி வேலை பார்ப்பவர்களுக்கு இடுப்பின் முன்தசை சுருங்கிப்போயிருக்கும். அதுதான் முழங்காலை மேலே இழுத்து, உடம்பை முன்னால் கவிழ்க்கிறது. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை முன்னால் வைத்து, பிட்டத்தை இறுக்கிக்கொண்டே இடுப்பை மெல்ல முன்னால் தள்ளுங்கள். பக்கத்துக்கு 30 விநாடி, இரண்டு முறை, தினமும். முதுகை வளைத்து ஏமாற்றினால் தசை நீளாது. மற்றவை வாரம் மூன்று நாள் போதும்: மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது 12 வீதம் இரண்டு சுற்று, பக்கவாட்டு பிளாங்க் 20 விநாடியில் தொடங்கி 40 வரை, மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைக் கீழே இறக்குவது 15 முறை. மூச்சுத் திறனுக்குத் தனியாக எதுவும் தேட வேண்டாம். மூன்று மாடி ஏறி உச்சியில் நின்று ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ரைசிங் ட்ராட்டில் (துள்ளோட்டமான ட்ராட்டின் தாளத்துக்கு எழுந்து அமர்ந்து போவதில்) இரண்டாவது சுற்றிலேயே களைத்துவிடுவீர்கள், களைத்த உடம்புதான் தடுமாறும்.

எலும்பு மெலிவு, முதுகுத் தட்டுப் பிரச்சினை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் ஏறாதீர்கள். பிரசவத்துக்குப் பின் திரும்பும் பெண்கள், தும்மினாலோ குதித்தாலோ சிறுநீர் கசிகிறது என்றால் முதலில் இடுப்படித் தசைக்கான பிசியோதெரபி எடுத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. ட்ராட்டின் குலுக்கல் நேராக அந்தத் தசையில்தான் இறங்குகிறது.

பரணில் கிடக்கும் பழைய தலைக்கவசத்தை எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் நுரை அடி வாங்கினால் நசுங்கி வேலை செய்வது. வெயிலும் வியர்வையும் வருடங்களும் அதைக் கெடுத்துவிடும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம், ஒரு விழுகைக்குப் பின் உடனே. குதிரையேற்றக் கவசத்துக்கான பாதுகாப்புத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்1163 அல்லது விஜி1 முத்திரை இருக்க வேண்டும். சைக்கிள் ஹெல்மெட் இதற்குச் செய்யப்பட்டதல்ல. வாரைப் பூட்டாமல் தலையை ஆட்டினால் கவசத்தோடு நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். காலணிக்கு ஒரு அங்குலக் குதிகாலும் வழுவழுப்பான அடியும் போதும். ஸ்போர்ட்ஸ் ஷூ அங்கவடிக்குள் முழுக்க நுழைந்து மாட்டிக்கொள்ளும்.

குதிரையும் ஆசிரியரும்

கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரைக்காரர் பிடித்து நடத்தும் சவாரி இனிமையானது, ஆனால் பயிற்சிக்கு உதவாது. வேலி போட்ட மைதானமும் மணல் தரையும் பொறுமையான ஆசிரியரும் உள்ள இடம் வேண்டும். "கொஞ்சம் பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னால் அவரால் எதுவும் செய்ய முடியாது. "பன்னிரண்டு வருடத்துக்கு முன் இடது வளைவில் கேன்டரில் விழுந்தேன், அதிலிருந்து இடப்பக்கம் திரும்பினாலே மூச்சு நிற்கிறது" என்று சொல்லுங்கள். அவர் வலப்பக்கத்தில் தொடங்கி வைப்பார். முதல் எட்டு வகுப்புக்கு ஒரே குதிரையைக் கேளுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை விட அரை மணி வீதம் இரண்டு நாள் நல்லது. ஏறிய மறுநாளைவிட அதற்கடுத்த நாள் வலி கூடுதலாக இருப்பது இயல்பு.

எடையைப் பற்றி நேர்மையாகப் பேசிவிட வேண்டும். சேணத்தோடு சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பரவலான கணக்கு. 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ. சேணம் ஏழெட்டு கிலோ போனால் காலணி, கவசத்தோடு நீங்கள் 80 சொச்சம். அதற்கு மேல் என்றால் பெரிய குதிரை கேளுங்கள், அல்லது எடை குறையும்வரை தரையில் குதிரையோடு வேலை செய்யுங்கள். அது வீணான காலம் அல்ல. பிடித்து நடத்துவது, நிறுத்துவது, இரண்டடி பின்னால் நகர்த்துவது, குளம்பு தூக்கிச் சுத்தம் செய்வது எல்லாம் கைக்கு வந்தவருக்குச் சேணத்தில் பாதி நடுக்கம் இருக்காது.

சென்னையில் சித்திரை, வைகாசி என்றால் காலை ஆறு மணிக்கே களத்தில் இருங்கள். தாமதித்தால் உங்களுக்கும் கஷ்டம், சுமக்கும் குதிரைக்கும் கஷ்டம்.

ஏறுவது, இறங்குவது

வயிற்று வாரை நீங்களே சோதியுங்கள். வாருக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் இறுக்கமாக நுழைய வேண்டும். வார் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு, ஆகவே ஐந்து நிமிடம் நடந்தபின் மறுபடி பாருங்கள், அநேகமாக ஒரு ஓட்டை ஏறும். இதை மறந்தால் சேணம் சுழன்று ஆளோடு பக்கவாட்டில் இறங்கிவிடும். அங்கவடியின் நீளத்துக்கு எளிய அளவு: விரல் நுனியை அங்கவடி வார் தொங்கும் கொக்கியில் வைத்து, அந்த வாரைக் கையோடு நீட்டுங்கள். இரும்பு அக்குளைத் தொட்டால் சரி. திரும்பி வருபவர்கள் பழைய பெருமையில் நீளமாக விட்டு, கால் எட்டாமல் தவிக்கிறார்கள். இரண்டு ஓட்டை சுருக்கியே தொடங்குங்கள்.

ஏறுவதற்கு மேடையோ முக்காலியோ கட்டாயம் பயன்படுத்துங்கள். தரையிலிருந்து தொங்கி ஏறுவது குதிரையின் முதுகை ஒரு பக்கம் இழுக்கிறது, உங்கள் தொடைப் பின்தசையையும் பிடித்துக்கொள்ளும். சேணத்தில் தொப்பென்று விழாமல் மெல்ல அமருங்கள்.

அவசரமாக இறங்குவதை முதல் வகுப்பிலேயே, நிற்கும் குதிரையில் ஐந்து முறை பழகுங்கள். இரண்டு பாதத்தையும் அங்கவடியிலிருந்து விடுவித்து, இரு கையையும் குதிரையின் கழுத்தடியில் ஊன்றி முன்னால் சாய்ந்து, வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றி, முழங்கால் மடங்க, முன்பக்கம் பார்த்தபடி தரை சேருங்கள். வலது கால் குதிரையின் புட்டத்தில் உரசக்கூடாது. அடுத்து வாக்கில். அதற்குமேல் ஆசிரியர் சொன்னால் மட்டும். இறங்க முடியும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் அது இவ்வளவு இறுகிப்போகாது.

பயம் குதிரைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்) குதிரைகள் நம் ஊர்ப் பயிற்சிப் பள்ளிகளுக்கு நிறைய வருகின்றன. கிண்டி, பெங்களூரு, புனே பந்தயத் திடல்களில் அவை கற்றது வேறு பாடம். ஜாக்கி லகானை இறுக்கிப் பிடித்தால் அதில் சாய்ந்துகொண்டு வேகமெடுக்க வேண்டும் என்பது அவற்றின் பழக்கம். ஜாக்கியின் கால் உயரத்தில் இருப்பதால், விலாவை அணைக்கும் கால் அவற்றுக்குப் புதிது.

இப்போது பயந்த ஒருவர் அதன்மேல் ட்ராட் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரை கொஞ்சம் வேகம் கூட்டுகிறது. அவர் மூச்சைப் பிடிக்கிறார். தோள் காதருகே ஏறுகிறது. முழங்கால் சேணத்தைக் கவ்வுகிறது. கவ்விய முழங்கால் ஓர் அச்சாக மாறிவிட, அதற்குக் கீழே கால் பின்னால் ஆடி விலாவில் குத்துகிறது, மேலே உடம்பு முன்னால் கவிழ்கிறது. கை தானாக லகானை இழுக்கிறது. குதிரைக்குக் கேட்பது இதுதான்: கால் 'போ' என்கிறது, லகானும் 'போ' என்கிறது, மேலே இருப்பவர் சாய்ந்து 'சீக்கிரம்' என்கிறார். அது சொன்னதைச் செய்கிறது. இவர் இன்னும் இறுக்குகிறார். வெளியே இருந்து பார்ப்பவர் குதிரை முரண்டு பிடிக்கிறது என்பார். பாவம், அதைவிடக் கீழ்ப்படிதல் ஏது?

இந்தச் சங்கிலியை மூச்சில்தான் அறுக்க முடியும். கையைத் தளர்த்து என்று மூளை சொன்னால் பயந்த கை கேட்காது. மூச்சை வெளியே விடுவது மட்டும் உங்கள் வசத்தில் இருக்கும். வாக்கில் மூன்று அடிக்கு உள்ளே, நான்கு அடிக்கு வெளியே என்று எண்ணிப் பழகுங்கள். ட்ராட்டில் எண்ண வராவிட்டால் ஏதாவது ஒரு பாட்டைச் சத்தமாக முணுமுணுங்கள். பாடிக்கொண்டே மூச்சைப் பிடித்துவைக்க முடியாது. மூச்சு வெளியே போனதும் இடுப்பு கனமாகிச் சேணத்தில் இறங்கும், முழங்கால் விடும், குதிகால் தாழும்.

கைக்கு ஒரு எளிய துணை உண்டு. பழைய அங்கவடி வார் ஒன்றைக் குதிரையின் கழுத்தைச் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் ஒரு விரலை அதில் மாட்டிக்கொள்ளலாம். லகானில் தொங்கினால் குதிரையின் வாய்தான் புண்ணாகும். கண் எதிரே இருக்கும் வேலிக் கம்பத்தைப் பார்க்கட்டும். தலை ஐந்து கிலோவுக்குக் கிட்ட வரும், அது கீழே குனிந்தால் முதுகும் கூடவே போகும்.

முதல் மூன்று நான்கு வகுப்பில் ஒரு பத்து நிமிடமாவது, ஆசிரியர் நடுவில் நின்று நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமிடச் செய்ய, நீங்கள் லகான் இல்லாமல் உட்காருங்கள். 20 மீட்டர் அகல வட்டம் போதும், அதைவிடச் சிறிதென்றால் குதிரையின் மூட்டுக்கு நல்லதில்லை. கைகளை விரித்து, தோளைச் சுழற்றி, கண்ணை மூடி, எந்தப் பின்னங்கால் ஊன்றுகிறது என்று பிட்டத்தால் சொல்லிப் பாருங்கள். வாக்கில் குளம்புச் சத்தம் நான்கு, ட்ராட்டில் இரண்டு. வெளிப்பக்க முன்னங்கால் முன்னே போகும்போது எழுவது, திரும்பும்போது அமர்வது என்ற பழைய கணக்கு இரண்டு வகுப்பில் திரும்பிவிடும்.

குதிரை மிரளுவதற்கு முன் சொல்லும். தலை உயரும், இரண்டு காதும் ஒரே திசையில் விறைக்கும், நடை சுருங்கும். அந்தப் பொருளை நீங்களும் முறைத்துப் பார்த்தால் அதன் சந்தேகம் உறுதியாகிவிடும். மூச்சை விட்டு, குதிரையின் தலையை அந்தப் பக்கத்திலிருந்து விலக்கித் திருப்பி, நடக்க வைத்துக்கொண்டே இருங்கள். அது கட்டுமீறி ஓடினால் ஒரு பக்க லகானை மட்டும் சுருக்கி, மறுகையைத் தளர்த்தி, வட்டத்தைப் படிப்படியாகக் குறுக்குங்கள். பாய்ச்சலில் சடாரென்று ஒரு பக்கம் இழுத்தால் குதிரை கால் பின்னி விழும். ஆகவே இதை வாக்கில் நூறு முறை செய்து கைக்குப் பழக்கி வையுங்கள்.

விழுந்துவிட்டால்

விழுந்தவுடனே மறுபடி ஏறு, இல்லாவிட்டால் பயம் தங்கிவிடும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். தலை அடிபட்டிருந்தால் அது ஆபத்தான அறிவுரை. தலைவலி, வாந்தி, குழப்பம், வெளிச்சம் கூசுவது, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று குதிரை வேண்டாம், வண்டி ஓட்டவும் வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள். சிராய்ப்போடு முடிந்திருந்தால் ஏறி, வாக்கில் இரண்டு சுற்று போய், நிறுத்தி, இறங்கி, அன்றைக்கு முடித்துக்கொள்ளலாம். அடுத்த வகுப்பு ஒரு படி கீழிருந்து தொடங்கட்டும்.

கேன்டர்

எந்த வாரத்தில் என்று யாரும் சொல்ல முடியாது. ரைசிங் ட்ராட்டில் இரு பக்கமும் ஐந்து நிமிடம் லகானில் தொங்காமல் போய், குரலும் மூச்சும் இடுப்பும் கொண்டே வாக்குக்கு இறக்க முடிகிறது, அதுவும் தொடர்ந்து மூன்று வகுப்பில் என்றால், கேட்கலாம். மைதானத்தின் ஒரு மூலையில், உங்களுக்குச் சுலபமான பக்கத்தில், அமர்ந்த ட்ராட்டிலிருந்து எடுங்கள். உள்கால் (மைதானத்தின் நடுப்பக்கம் இருக்கும் உங்கள் கால்) வயிற்று வார் அருகே, வெளிக்கால் சற்றுப் பின்னே. ஒரு விரல் கழுத்து வாரில். மூன்று அடித் தாளம் கேட்டதும் மூச்சை விட்டு, எட்டிலிருந்து பத்துத் தாவல் மட்டும். நன்றாகப் போகிறதே என்று நீட்டாதீர்கள், களைத்த கால்தான் கவ்வத் தொடங்கும். ட்ராட், பிறகு வாக், நீண்ட லகான். கழுத்தைத் தட்டிக்கொடுத்து, இறங்கி, அங்கவடியை மேலே ஏற்றி வயிற்று வாரை ஒரு ஓட்டை தளர்த்தி, மூச்சு அடங்கும்வரை நீங்களே பிடித்து லாயத்துக்கு நடத்துங்கள்.